மடிப்புக் கலையாத காற்சட்டை

என் கணவர் சயந்தனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இயக்கத்தில் போராளியாக இருந்தபோது போனது. எதிர்ப் பக்கத்தில் நின்று கால் போனவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. இவருக்கு விசாரணைதான் வந்தது. சண்டை ஓய்ந்து பதினாறு வருடம் கழித்து, எந்தப் பக்கத்தில் நின்றவருக்கும் ஒரே மாதக் கொடுப்பனவு என்று ஒரு திட்டம் வந்தது. கால் போனது மட்டும் போதாதாம்; ஐம்பது வீதத்துக்குக் குறையாமல் இயலாமை இருக்கிறதென்று யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரில் வைத்தியர் பார்த்து எழுத வேண்டும். அது கிடைத்தால், கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் பொய்க்காலை மாற்றலாம்.

"சாரத்தைக் கட்டிக்கொண்டு ஊன்றுகோலோடை வாங்கோ, கால் இல்லாதது தெரியட்டும்," என்றேன்.

"கந்தோருக்குச் சாரத்தோடை போறதோ? பருத்தித்துறைச் சனம் என்ன சொல்லும்?"

இந்த மனிதரோடு கதைத்து வென்றவர் யார்? கலியாணத்துக்குத் தைத்த நீளக்காற்சட்டையை என்னைக்கொண்டே அயன் பண்ணுவித்தார். சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார். முகத்துக்குப் பவுடரும் பூசினார். யாழ்ப்பாண பஸ்ஸில் தெரிந்த நடத்துநர் அங்கவீனர் இருக்கையைக் காட்ட, அதை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு வழி முழுக்க நின்றே வந்தார்.

வைத்தியர் மேல்மாடியில் இருந்தார். கால் இல்லாதவர்களை மாடிக்குக் கூப்பிட்டவனின் மண்டையை என்ன சொல்ல! இவர் கைபிடியைத் தொடாமல் விறுவிறுவென்று ஏறினார். பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். வைத்தியர் இளம்பெண். எங்களைக் கண்டதும் எழுந்து, கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அம்மா. எவ்வளவு காலமா ஏலாமல் இருக்கு?"

"எனக்கில்லை டொக்டர், அவருக்கு!"

காலைக் காட்டச் சொன்னார். மடிப்புக் கலைந்துவிடும் என்று இவர் காற்சட்டையை நாலு விரல் அளவுதான் உயர்த்தினார்.

"நடக்கிறது கஷ்டமோ?"

"ஒவ்வொரு வருசமும் சந்நிதிக் கோயில் தேருக்கு நடந்துதான் போறனான்."

"பாரம் தூக்கேலுமோ?"

"போட் எஞ்சினைத் தனியத் தூக்குவன்."

வைத்தியரின் பேனை 'இருபது' என்று எழுதுவதைக் கண்டேன். மேசைக்குக் கீழே இவரின் காலில் ஓர் உதை விட்டேன். பொய்க்காலில் பட்டது. எனக்குத்தான் நொந்தது.

"நோவு ஏதும் இருக்கோ?"

"இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாதையுங்கோ! டொக்டர், மழை வந்தால் இல்லாத பெருவிரல் கடிக்குது எண்டு துடிப்பார். கால் இருக்கவேண்டிய இடத்திலை நான் பாயைச் சொறிஞ்சு விடுறனான். கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து சொறியிறன்!"

இவர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

"உண்மையோ அண்ணை?" என்றார் வைத்தியர்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம்... அவ சொறிஞ்சால்தான் நிக்கும்."

வைத்தியர் இருபதை வெட்டி அறுபது என்று எழுதினார்.

"அறுபதாம்," என்று படியில் இவர் முணுமுணுத்தார். "என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய்." கைபிடியைப் பிடித்துத்தான் இறங்கினார். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும்போதும் அதே பஸ், அதே நடத்துநர், அதே இருக்கை. இந்தமுறை இவர் இருந்துவிட்டார். வல்லைவெளியில் மழை தூறத் தொடங்கியது.

"சுவர்ணா," என்றார் மெல்ல. "கடிக்குது."

பஸ் நிறையச் சனம். நான் குனிந்து, பொலிஷ் போட்ட இடது சப்பாத்தின் நுனியை நன்றாகச் சொறிந்துவிட்டேன். முன் சீற்றில் இருந்தவர் திரும்பி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"காணுமோ?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றார், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக.