ஆயிரமாவது நாளும் ஒரு கால்விரலும்

ஒரகடத்தில், சிலிண்டரில் ஆக்ஸிஜன் நிரப்பும் ஆலையில் அமிர்தநாதனுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். காலையில் வந்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்ற பலகையில் எண்ணை ஒன்று கூட்டி மாட்டுவார். ஆயிரமாவது நாளில் ஆளுக்கொரு குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. மூடியில் '1000' என்று பொறித்த குக்கர்கள் ஸ்டோரில் வந்து இறங்கியும்விட்டன.

தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் நாள், புழுக்கம் தாங்காமல் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு நின்ற ஐந்து நிமிடத்தில், ஒரு சிலிண்டர் மூடி அவருடைய இடது பெருவிரலில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. சொன்னால் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இருநூறு வீட்டுக் குக்கர் தன் ஒற்றை விரலால் போய்விடும். பத்து நாள்தானே என்று பேண்டேஜை இறுக்கிச் சுற்றி ஷூவுக்குள் காலைத் திணித்தார். வீங்க வீங்க இன்னும் இறுக்கினார். பல வருடச் சர்க்கரை நோயால் வலி அவ்வளவாகத் தெரியவில்லை. அவர் அதை ஜெபத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் குளிர் நடுக்கம் கண்டது. முதலுதவி அறையில் நர்ஸ் ஜோவிதாவிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னார். அவள் கைவிரலில் கிளிப் மாட்டினாள். ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது.

"பாத்தியாம்மா? நாள் பூரா ஆக்ஸிஜன் ரொப்பிகினு கீறவன். எனக்கா பஞ்சம்?"

ஜோவிதா சிரிக்கவில்லை. அறையில் ஒரு வாடை வந்தது. அவர் தடுத்தும் கேளாமல் மண்டியிட்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். பெரிய வியாழனன்று சர்ச்சில் பாதம் கழுவும் சாமியாரைத்தான் அவர் அப்படிப் பார்த்திருக்கிறார்.

"கைக்கு வர்ற ஆக்ஸிஜன் காலுக்கு வரலண்ணா," என்றாள். "சுகர்ல ரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கிக் கெடக்கு, அதுமேல இந்தக் கட்டு வேற. கிருமியக் கொல்ல வெள்ளணு வந்து நிக்குது. ஆக்ஸிஜன் இல்லாம அதால ஒழுங்கா கொல்ல முடியல. போவவும் மாட்டேங்குது. ஷிப்ட் முடிஞ்சும் பஸ் ஏறாம, லைன்லயே நின்னு கைல கெடச்சத ஒடைக்கிற ஆளுங்க மாதிரி, நல்ல சதையையும் சேத்துக் கெடுக்குது. அதான் இந்த வீக்கம்."

"இன்னும் மூணே நாளும்மா."

"மூணு நாள்ல வெரல் போய்டும். அப்பறம் காலு."

மூடி விழுந்ததைக் கேட்டு வாங்கி, அவள் விபத்துப் பதிவேட்டை எடுத்து எழுதினாள். சேஃப்டி அதிகாரி ஸ்ரீதர் ஓடிவந்து, தேதியை மட்டும் நான்கு நாள் தள்ளிப் போடக் கூடாதா என்று பணிவாகவே கேட்டார். விரல் தள்ளிப்போகச் சம்மதித்தால் தானும் தள்ளிப் போடுவதாகச் சொன்னாள் அவள்.

அமிர்தநாதன் பயந்ததெல்லாம் தன்னோடு வேலை செய்யும் சாம்ராஜுக்குத்தான். புதுக் குக்கரை நம்பி, பழையதை அவன் மச்சினிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பைக்கை எடுத்து வந்தவன் அவன்தான். வழி முழுக்கத் திட்டினான். திட்டிக்கொண்டே ஒவ்வொரு வேகத்தடையிலும் பூப்போல ஏற்றி இறக்கினான்.

"குக்கர்ல வெரலையா வேக வெப்பாங்க, பெர்சு?" என்று படப்பை ஆஸ்பத்திரி வாசலில் கேட்டான். அவருக்குக் கண் கலங்கியது.

நகமும் கொஞ்சம் சதையும் போயின. விரல் நின்றது.

அவர் திறந்த செருப்போடு வேலைக்குத் திரும்பியபோது பலகையில் முப்பத்தொன்று. அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். குக்கர்களைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லையாம். ஆயுத பூஜையன்று எல்லோருக்கும் கிடைத்தன. '1000' என்பதன்மேல் 'பூஜை வாழ்த்துகள்' என்று ஒரு ஸ்டிக்கர். அமிர்தநாதன் வீட்டில் முதல் விசிலுக்கே அது உரிந்து வந்தது.

பூஜை விடுமுறை முடிந்த காலையில் எண்ணை மாட்டப் போனவர், உள்ளே வருகிறவர்களின் கால்களைப் பார்த்தார். சாம்ராஜ் லேசாக நொண்டினான்.

"ஒண்ணுமில்ல பெர்சு. புது ஷூ கடிக்குது."

"கழட்டு."

அமிர்தநாதன் எண் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முன் மெல்ல மண்டியிட்டார்.