மேடு கூடாது

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். குடும்பத்தில் இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். கடைசியில் இரு நாட்டு அதிகாரிகளும் பக்கத்துக்கு இரண்டு பேராகச் சரிசமமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஐலீனும் தம்பி ஜேடனும் பின்னால் போனார்கள். சொந்தக்காரர்களும் ஃபாதரும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள்.

தஞ்சோங் லாலாங், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன துறைமுகம். ஐலீனின் அப்பா லூயிஸ் அங்கே சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். துறைமுகம் இனி யாருக்கு என்று நீரிணையின் இரு கரை அரசாங்கங்களும் ஜொகூர் பாரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசின. ஒவ்வொரு சுற்றிலும் கறிபாப் தீர்ந்ததே தவிர பேச்சு தீரவில்லை. அது முடியும்வரை துறைமுக நிலத்தில் ஒரு புல்லைக்கூட மாற்றக் கூடாது. கல்லறைத் தோட்டமும் அந்த நிலத்துக்குள்தான் இருந்தது.

அம்மா ரீத்தா அங்கேதான் இருக்கிறாள். அவள் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பதைத் தவிர அப்பா பிள்ளைகளிடம் எதுவும் கேட்டதில்லை. அனுமதி வரும்வரை அவர் பிணவறையில் காத்திருந்தார். அந்த நாட்களில் ஐலீன் தம்போயில் இருந்த வீட்டில் துணி துவைத்தாள், வந்தவர்களுக்கு மைலோ கலக்கினாள். அழுகை மட்டும் வரவில்லை.

குழியை மூடிய பிறகு பெட்டியளவு மண் மிஞ்சி மேடாக நின்றது. அக்கரை நாட்டு அதிகாரி குணாளன் சங்கடத்துடன் பக்கத்தில் வந்தார். தமிழர் என்பதால் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்திருக்க வேண்டும்.

"சாரி மேடம். மேடு இருக்கக் கூடாது. தரை முன்ன இருந்த மாதிரியே இருக்கணும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க."

"மிச்ச மண்ண என்ன செய்றது?"

"வெளிய கொண்டு போகவும் முடியாது. நம்ம ஆளுங்க மிதிச்சு சமமாக்கிடுவாங்க."

பூட்ஸ் போட்ட இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"வேணாம்," என்றாள் ஐலீன். "நான் மிதிக்கிறேன்."

"அக்கா, அப்பா மேலயா?" என்றான் ஜேடன்.

"பூட்ஸ் காலு மிதிக்கறதுக்கு, நம்ம காலு மிதிக்கட்டும் லா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மண் பொதபொதவென்று உள்வாங்கியது. வேலை முடிந்து வந்ததும் அப்பா பாயில் குப்புறப் படுத்துக்கொள்வார். "முதுகுல ஏறுடா பாப்பா," என்பார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து கால் வைப்பாள். "இதெல்லாம் பத்தாது, நல்லா மிதி," என்பார்.

ஐலீன் நல்லா மிதித்தாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவனும் ஷூவைக் கழற்றினான்.

தரை சமமானபோது, அப்பா இருக்கும் இடம் எது என்று அவர்கள் நிற்பதை வைத்துத்தான் தெரிந்தது.

தரை மாறவில்லை என்று இரு பக்கமும் காட்டப் படமெடுக்க, குணாளன் கைப்பேசியை உயர்த்தினார்.

"மேடம், ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல யாரும் இருக்கக் கூடாது."

ஐலீன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.