கன்றுக்குப் போன கோட்டு

சூரியன் எழுவதற்குள் பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். போன மாதம் கால் மணி நேரம் பிந்திவிட்டோம். பெண்ணின் தாய்மாமன் செராமே கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "இன்னும் ஒரே தடவைதான். அப்பவும் குறை வச்சீங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க" என்று வேலிக்கு உள்ளேயிருந்து சொல்லிவிட்டார். என் அண்ணன் மகன் தேரோ மூன்று நாள் சாப்பிடவில்லை.

அதனால்தான் இன்று ஆறு மணிக்கு இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள ராமத்லபாமா எல்லைக் கதவு திறந்தபோது வரிசையில் எங்கள் வண்டி இரண்டாவதாக நின்றது. எல்லையைத் தாண்டினால் அரை மணி ஓட்டம். பெண் கேட்கப் போகும் பெண்கள் போர்த்தும் கட்டம் போட்ட போர்வையைத் தோளில் ஊசி குத்தி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓட்டியவர் தேரோவின் தாய்மாமன் மொலேஃபி. பெண் கேட்க வேண்டிய வாயும் அவருடையதுதான். அவர் வெறும் ஸ்வெட்டரோடு இருப்பதை எல்லை விளக்கின் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

"ஏய்யா, உன் கோட்டு எங்க?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "பட்டியில இருக்குக்கா. நாலு மணிக்குச் செவலை கன்னு போட்டுச்சு. குளிர்ல வெடவெடன்னு நடுங்குச்சா... போத்திவிட்டேன்."

"கோட்டு இல்லாத ஆம்பளைய எவன்யா பொண்ணு கேக்க உள்ள விடுவான்? கல்யாணம் தேரோவுக்கா, கன்னுக்குட்டிக்கா?"

எங்கள் பக்கம் ஜூன்தான் நடுக் குளிர்காலம்; அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வரிசையில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராக அளந்தேன். ஒரே ஒருவர்தான் கறுப்புக் கோட்டில் இருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற காலிச் சவ வண்டியின் டிரைவர். வெட்கப்பட நேரமில்லை, போய்க் கேட்டேன்.

"பொண்ணு கேக்கவா? போட்டுக்கங்கம்மா. திரும்பி வர்றப்ப இங்க எல்லை ஆபீஸ்லயே குடுத்துட்டுப் போங்க" என்று கழற்றினார் அந்தத் தங்கம். கோட்டின் முதுகில் கொட்டை எழுத்தில் 'அமைதி உறக்கம், ஈமச்சடங்கு சேவை' என்று இருந்தது.

"செத்தாலும் யாருக்கும் முதுகு காட்டாத" என்றேன் மொலேஃபியிடம்.

நாங்கள் போய் நின்றபோது கிழக்கு வெளுத்திருந்தது, சூரியன் வரவில்லை. செராமே கோட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். மொலேஃபி சுவரோரம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, தேன் ஒழுகப் பேசினார். நான் மூச்சு விட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துச் செராமே எழ, மரியாதைக்கு மொலேஃபியும் எழுந்து, கைத்தடியை எடுக்கத் திரும்பிவிட்டார்.

"ஐயோ, சாவு வண்டிக் கோட்டு!" என்றாள் ஒருத்தி.

எனக்கு உயிரே போய்விட்டது.

"உன் கோட்டு எங்க?" என்றார் செராமே.

மொலேஃபி மறைக்கவில்லை. செவலையைச் சொன்னார், நடுக்கத்தைச் சொன்னார். "என்னைத் திட்டுங்க. பையன் மேல தப்பில்ல."

செராமே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "கிடேரியா, காளையா?"

"கிடேரி."

"எழுந்து நின்னுருச்சா?"

"நின்னு பால் குடிச்சப்புறம்தான் கிளம்பினேன்."

செராமே தன் வீட்டுப் பெண்களின் பக்கம் திரும்பினார். "கன்னுக்குக் கோட்டைக் குடுத்துட்டு வந்து நிக்கிறான். இவன் வீட்டுல நம்ம பொண்ணு குளிர்ல கிடக்க மாட்டா. குடுத்தாச்சு!"

குலவையை நான்தான் தொடங்கினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டில் காத்திருந்த தேரோவுக்கே கேட்டிருக்கும்.