அண்ணி பின்னிய பை

அலுவலகத்துக்கு நான் கொண்டுபோன நீலப் பையைப் பார்த்து, "நீங்களே பின்னினதா?" என்று மேலாளர் அம்மா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உண்மையில் அது அண்ணி பின்னித் தந்தது. "அப்ப சனிக்கிழமை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்றார் அவர். வினை என் தலையிலேயே வந்து விடிந்தது.

விஷயத்தைச் சொல்லாமல், ஒத்தாசைக்கு என்று அண்ணியைக் கூட்டிப்போனேன். சாப்பாட்டு அறையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்றார்கள். அண்ணி பாதி பின்னி வைத்திருந்த பை வட்டச் சட்டத்தில் தொங்கியது. சட்டத்தின் விளிம்பில் வரிசையாக நிற்கும் முளைகளில் நூலைச் சுற்றி, ஒவ்வொரு முளையிலும் மேலும் கீழுமாக விழும் இரண்டு நூல் வளையங்களில் அடிக்கண்ணியை மட்டும் கொக்கியால் தூக்கித் தாண்டவிட வேண்டும். நான் இரண்டு கண்ணிகளையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன். கண்ணி நழுவிக் கீழ்வரை பிரிந்துகொண்டே போனது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இது என் சட்டம், அவளுக்குக் கை பழகல. எனக்கே அவதான் கத்துக்கொடுத்தா" என்று கொக்கியை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு முகம் எரிந்தது. "இல்ல, பொய். பையைப் பின்னினது அண்ணிதான். எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று போட்டு உடைத்தேன். அண்ணியின் கை அப்படியே நின்றது.

திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள்.

"உன் மானத்தைக் காப்பாத்தத்தானே பொய் சொன்னேன்? நீ உண்மையைச் சொல்லி நல்லவளாயிட்ட. அத்தனை பேர் முன்னாடி நான்தானே பொய்க்காரி ஆனேன்?"

இறங்கும் இடம் வரும்வரை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.