உஷாந்தியைக் காப்பாற்றும் குழு

"ஸ்டெட்ஸ் படிச்சிட்டியா?" என்று கன்டீன் வரிசையில் ஸும்றா கேட்டபோது, உஷாந்தி யோசிக்கவே இல்லை.

"ஐயோ, ஒண்டும் படிக்கேல்லை."

வெள்ளவத்தையில் பிறந்து ரியூஷனில் வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? அன்று விடியக் காலையில்தான் ஸ்டெட்ஸ் என்ற அந்தப் புள்ளிவிபரவியல் பாடத்தைத் திரும்ப ஒருமுறை முடித்து, பயிற்சிக் கணக்குகளையும் ஒன்று விடாமல் செய்துவிட்டு பஸ் ஏறியிருந்தாள். ஆனாலும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பழக்கிவிட்டது அம்மா நாகேஸ்வரி. "ஆர் கேட்டாலும் படிச்சனான் எண்டு சொல்லிப் போடாதை. கண்ணூறு பொல்லாதது" என்று ஓ.எல். பரீட்சைக் காலத்திலிருந்தே காதில் ஓதி வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருப்பவள் ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால் உன்னுடைய கம்பஸ் இடம் அவளுக்குப் போய்விடும். அதனால் எல்லாரும் கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார்கள், எல்லாரும் ஒன்றும் படிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள், எல்லாருக்கும் அது பொய் என்று தெரிந்தும் இருந்தது. கம்பஸுக்கு வந்த பிறகு அந்தப் போட்டி முடிந்துவிட்டது, இங்கே எல்லாருமே சித்தியடையலாம் என்று உஷாந்திக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே அவளுக்குக் கம்பஸ் என்பது கொஞ்சம் பெரிய ரியூஷன் கொட்டில். முன்வரிசையில் இருப்பாள், விரிவுரையாளர் இருமினால்கூட எழுதிக்கொள்வாள், முடிந்ததும் நேரே பஸ்ஸுக்கு நடப்பாள். மத்தியானச் சாப்பாட்டை நூலகப் படியில் தனியே இருந்து சாப்பிடுவாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குத் தனிமையாக இருந்தது. வெட்கத்தில் அதை அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஸும்றா அதே முதலாம் வருட பட்ச்சில் படிக்கும் தெஹிவளைப் பிள்ளை, எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். இரக்கப்பட்டாலும் முழுசாகத்தான் இரக்கப்படுவாள். "என்ன புள்ள செல்ற, ஒண்டுமே படிக்கல்லயா?" என்று கண்ணை விரித்தாள். ஒவ்வொரு நாளும் முன்வரிசையில் இருந்து எழுதியும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை, பாவம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

அன்று பின்னேரம் உஷாந்தியின் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. பெயர், 'உஷாவைக் காப்பாற்றுவோம்'. உள்ளே ஸும்றா, வத்தளையிலிருந்து வரும் அபிஷன், பிறகு நிரோஷன் அண்ணா. நிரோஷன் இரண்டாம் வருடம். போன வருடம் ஸ்டெட்ஸில் விழுந்து, இந்த முறை முதலாம் வருடத்துப் பிள்ளைகளோடு அந்தப் பேப்பரை ரிபீற் செய்கிறவன். "ரெண்டு தரம் படிச்சவரை விட ஆர் நல்லாச் சொல்லித் தரப் போறாங்க?" என்று அபிஷன் எழுதியிருந்தான். நிரோஷனின் குரல் பதிவு அடுத்து வந்தது. "பயப்படாத தங்கச்சி. சனிக்கிழம ஒங்க வீட்டுலயே குப்பி வைக்கிறோம். ஒன்னய பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு."

கம்பஸில் பரீட்சை நெருங்கும்போது ஒரு மாணவர் மற்றவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்குக் குப்பி என்று பெயர். காசு கிடையாது, வரவுப் பதிவு கிடையாது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார், அவ்வளவுதான். கம்பஸில் எத்தனையோ குப்பி நடந்திருக்கிறது. பாடத்தைக் கரைத்துக் குடித்த ஒருத்தியைக் காப்பாற்ற மூன்று பேர் குப்பி வைத்தது அநேகமாக இதுதான் முதல் தடவை.

சொல்லியிருக்கலாம். 'இல்லை, சும்மா சொன்னனான்' என்று ஒரு வரி போட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவள் விரல் அந்த வரியை எழுதிவிட்டு அழித்தது. தன்னுடைய பெயரில் ஒரு குழு! அதில் மூன்று பேர், சனிக்கிழமை தன் வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அதை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாகேஸ்வரி முதலில் வழக்கமான விசாரணையை நடத்தினாள். "ஆம்பிளைப் பிள்ளையளும் வருகினமோ? எவடம்? தாய் தேப்பன் என்ன செய்யினம்?" பிறகு படிக்க வருகிற பிள்ளைகள்தானே என்று மனமிரங்கி வடைக்கு உளுந்து ஊறப்போட்டாள். உஷாந்தி ஓடி ஓடிச் சுவரில் ஒட்டியிருந்த சூத்திரத் தாள்களை எல்லாம் கிழித்தாள்.

வந்தவர்களை வரவேற்றுவிட்டு நாகேஸ்வரி தானாகவே தொடங்கிவிட்டாள். "ஓம் தம்பி, இவளுக்கு ஃபோன்தான் எல்லாம். புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி. எப்பிடிப் பாஸ் பண்ணப்போறாளோ தெரியேல்லை." சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் தண்ணீர் வராத குறையாகத்தான் சொன்னாள். உஷாந்திக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நிரோஷன் அவளை இன்னும் இரக்கத்தோடு பார்த்தான்.

ஆனால் குப்பி தொடங்கியதும் உஷாந்தி தன்னை மறந்துபோனாள். நிரோஷனுக்குச் சூத்திரம் பாதி மறந்துபோகும், ஆனால் கணக்கை அவன் தெருவிலிருந்து எடுத்துவருவான். "கொட்டாஞ்சேன ஜங்ஷன்ல நின்னா பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்ன்னு சொல்லுவாங்க. வருதா? ஒரு நாளைக்கு மூணு ஒண்ணா வரும், ஒரு நாளைக்கு வரவே வராது. சராசரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா நின்னு காயிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்த அளக்கத்தான் இந்தச் சூத்திரம்." நியம விலகல் என்ற அந்தச் சமாச்சாரத்தை உஷாந்தி எத்தனையோ தரம் கணித்திருக்கிறாள். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தெரியாதவள் போல நடிக்க வேண்டிய தேவைகூட அந்த நேரம் இருக்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் குப்பி முடிந்ததும் நாலு பேருமாகக் கடற்கரைப் பக்கம் நடந்து போவார்கள். மரவள்ளிச் சிப்ஸ் வாங்கி, ரயில் போகும்போது அபிஷன் ஏதாவது பகிடி விட, சத்தத்தில் ஒன்றும் கேட்காமலே எல்லாரும் சிரிப்பார்கள். கம்பஸிலும் இப்போது ஸும்றா அவளுக்கு இடம் பிடித்து வைத்தாள். "எங்கட உஷா" என்று ஒருநாள் யாருக்கோ அறிமுகப்படுத்தினாள். அந்த 'எங்கட' உஷாந்தியின் காதிலேயே நின்றது. இந்த உறவு முழுக்கத் தான் ஒரு மக்கு என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். உண்மை தெரிந்தால் எல்லாம் போச்சு. ரிசல்ட்ஸ் வர எப்படியும் மாதக்கணக்காகும், அதற்குள் ஏதாவது யோசிக்கலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பரீட்சைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை, நிரோஷன் சின்ன வெள்ளைப் பலகையில் மணி மாதிரி ஒரு வளைகோடு கீறினான். "இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இருபத்தஞ்சு மார்க்ஸ். டேபிள்ல பாத்து வர்ற நம்பரோட அரைய கூட்டணும். கண்ண மூடிக்கிட்டு கூட்டுங்க."

உஷாந்திக்குப் பகீர் என்றது. நிரோஷன் சொன்னது போன வருடம் பரீட்சையில் தந்த எண் அட்டவணைக்கு, அந்த டேபிளுக்குச் சரி. அது வளைகோட்டின் நடுவிலிருந்து அளப்பது, அதனால் இடது பாதியான அரையைக் கூட்ட வேண்டும். இந்த வருடம் பரீட்சையில் தரப்போவது வேறு டேபிள், இடது நுனியிலிருந்தே அளப்பது, அதில் ஒன்றையும் கூட்டத் தேவையில்லை. விரிவுரையாளர் இதைச் சொன்ன வெள்ளிக்கிழமை, பட்ச் முழுக்க கிரிக்கெட் மட்ச் பார்க்கப் போயிருந்தது. முன்வரிசையில் இருந்த உஷாந்தி கேட்டாள், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள், பழக்க தோஷத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் கொப்பியை மூடிவிட்டாள். இனி இவர்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு அரையைக் கூட்டினால், நூற்றுக்கு நூற்றிமுப்பது வீதம் என்று விடை வந்து பரீட்சை மண்டபத்தில் திருதிருவென விழிப்பார்கள். நிரோஷன் இந்தத் தடவையும் விழுவான்.

"அண்ணா," என்றாள், "இந்த வருஷம் வேற டேபிள் எண்டு ஒரு அக்கா சொன்னவ."

"எந்த அக்கா?"

"பஸ்ஸில கண்ட அக்கா."

"பேரு?"

"கேக்கேல்லை."

அபிஷன் சிரித்துவிட்டான். "பஸ்ஸில கண்ட அக்காக்காக நாங்க கணக்கை மாத்தேலாது உஷா."

"இல்லை, உண்மையாத்தான். அரையைக் கூட்டக்கூடாது."

"புள்ள, நீ குழம்பி மத்தாக்களையும் குழப்பாத," என்று ஸும்றா அன்பாக அவள் முதுகைத் தடவினாள். "ஒனக்கு ஒண்டும் தெரியாதுதானே. அண்ணா செல்றத மட்டும் எழுது."

நிரோஷன் அடுத்த கணக்குக்குப் போனான். மூன்று பேனாக்களும் அரையைக் கூட்டின. பேசாமல் இருந்தால் இவர்கள் கூடவே இருப்பார்கள், பரீட்சை மட்டும்தான் போகும். வாயைத் திறந்தால் பரீட்சை தப்பும், இவர்கள் போய்விடுவார்கள். கடற்கரையும் சிப்ஸும் 'எங்கட உஷா'வும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பிறகு நிரோஷனின் பலகையில் அந்தப் பிழையான விடையைப் பார்த்தாள். எழும்பிப் போய் அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கினாள்.

இரண்டு டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் கீறினாள். ஒரே கணக்கை இரண்டு விதமாகவும் செய்து காட்டினாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை, எண்கள் எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தன. முடித்துத் திரும்பியபோது மூன்று பேரும் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்கள். வடைத் தட்டோடு வந்த நாகேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் படிக்கலன்னு சொன்னியே?" என்றான் நிரோஷன்.

"பொய் அண்ணா. எல்லாம் படிச்சனான். நீங்கள் முதல் நாள் வரேக்கையே எனக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப நாங்க இவ்வளவு நாளும் ஆருக்கு வந்த?" என்று ஸும்றா கேட்டாள்.

"தம்பி, அவளில பிழையில்லை. நான்தான் அப்பிடிச் சொல்லப் பழக்கினனான்," என்று நாகேஸ்வரி குறுக்கே வந்தாள். "கண்ணூறு எண்டு..."

நிரோஷன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கதிரையில் இருந்து, கையில் படிந்த மையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"போன வருஷம் எங்க பட்ச்லயும் எல்லாரும் ஒண்ணும் படிக்கல, ஒண்ணும் படிக்கலன்னுதான் சொன்னாங்க ஆண்ட்டி. எங்க பக்கம் அப்படிச் சொல்ற பழக்கம் இல்ல. நா நம்பிட்டேன். சரி, எல்லாரும் என்ன மாதிரிதான்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். ரிசல்ட்ஸ் வந்தப்ப எல்லாரும் பாஸ், நா மட்டும் ஃபெயில்." உஷாந்தியை நிமிர்ந்து பார்த்தான். "நீ படிக்கலன்னு ஸும்றா சொன்னப்ப, இன்னொரு ஆளு என்ன மாதிரி விழக்கூடாதுன்னுதான் பஸ் ஏறி வந்தேன்."

உஷாந்தி அழுதாள். விம்மி விம்மி, மூக்கெல்லாம் வடிய அழுதாள். மன்னிப்புக் கேட்டது அழுகையில் யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் ஸும்றாதான் டிஷுவை நீட்டினாள். "அழுதது போதும். செவ்வாய்க்கிழம எக்ஸாம். அந்த டேபிள இன்னொருக்காச் செல்லு." சொல்லிக்கொடுத்தாள். மூன்று பேரும் எழுதினார்கள். வடை ஆறிப்போனது. அன்று யாரும் கடற்கரைக்குப் போகவில்லை.

பேப்பரில் புதிய டேபிள்தான் வந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்த நிரோஷன் தூரத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். குழுவில் சத்தமில்லை. விடுமுறையில் உஷாந்தி ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போனைப் பார்த்தாள். தனிமை அவளுக்குப் புதிதல்ல, ஆனால் முந்தியெல்லாம் இப்படி நொந்ததில்லை.

அடுத்த செமஸ்டர் தொடங்கிக் கொஞ்ச நாளில் நிரோஷனின் குரல் பதிவு வந்தது. "எங்க பட்ச்ல மொத வருஷ எக்கனொமிக்ஸ் ரிபீற் நாலு பேர் இருக்கோம். சனிக்கிழம கொட்டாஞ்சேனைக்கு வந்து குப்பி எடு." வேறொன்றும் சொல்லவில்லை. நாகேஸ்வரி இந்த முறை ஒரு கேள்வியும் கேட்காமல் வடையைக் கட்டிக்கொடுத்தாள்.

நிரோஷன் வீட்டு முன்னறையில் அவனோடு சேர்த்து அவளைவிட மூத்த நாலு பேர் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். "எது விளங்கேல்லை?" என்று உஷாந்தி கேட்டாள். பீற்றர் என்ற நெடிய பொடியன், "எல்லாம் ஓரளவு தெரியும்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லாம் தெரிந்தவர்களா ரிபீற் செய்கிறார்கள்? உஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொய்யின் முகம் அவளுக்கு நல்ல பழக்கம்.

அவள் புத்தகத்தைப் புரட்டி, தனக்கே உண்மையில் பிடிபடாத கடைசிப் பாடத்தை எடுத்தாள்.

"எனக்கு இது விளங்கேல்லை," என்றாள். "திரும்பத் திரும்ப வாசிச்சனான். விளங்கேல்லை."

நிரோஷன் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான். இது பொய்யா உண்மையா என்று அவன் நிறுத்துப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பாமல் இருந்தாள். பிறகு அவன் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"எந்த எடத்துல?"

விரலை வைத்துக் காட்டினாள். பீற்றர் எழும்பி வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"எனக்கும் அங்கதான்," என்றான்.