பதினாறு கிலோ இழுவை

அந்தக் கேள்வி பவளத்துக்கு முதலில் தோன்றியது ஓசூர் பாகலூர் ரோட்டுப் பட்டறையில், ஒரு மோட்டாரின் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தபோது. சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்டில் இருந்த மோட்டார் அது. ஒரு டன் இரும்போடு பேட்டரியில் ஓடுகிற வண்டியை இது இழுக்குமென்றால், எங்கள் ஹெரால்டை இழுக்காதா?

ஹெரால்டு வீட்டு வாசலில் ஏழு மாதமாக நின்றது. புருஷன் பரமசிவம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார். சூளகிரி ஏற்றத்தில் தண்ணீர் வற்றி இஞ்சின் இறுகிப்போனது. அந்தக் கேள்வி வந்தது தொண்ணூறாம் வருஷக் கடைசியில். குவைத் சண்டையால் பெட்ரோல் விலை வேறு ஏறிக் கிடந்தது.

பட்டறை முதலாளி நாராயணப்பனிடம் அந்த மோட்டாரைக் கேட்டாள்.

"அதை ரிப்பேருக்குக் குடுத்த கம்பெனியே மூடிட்டான். கேட்டு ஆளனுப்புனா, 'நீங்களே வெச்சுக்கங்க'ன்னுட்டான். கம்பி சுத்தி ஓட வெச்சுக் காட்டு, எடுத்துக்கோ," என்றார் அவர்.

சொன்னபடி சுற்றி முடித்தாள். மோட்டார் ஓடியது. ஆனால் வீட்டில் சிரிப்புதான் கிடைத்தது. பரமசிவத்தின் சிநேகிதன் கங்கப்பன் தளி பக்கத்து ஆள், கார் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தான்.

"ஆவாதுக்கா. காரு எம்மாம் கனம்! அதை நகத்தவே ஒரு குவிண்டால் இழுவை வேணும். இந்த மோட்டாரு மூச்சு முட்டிச் செத்துடும்."

"குவிண்டால்னு யாரு நிறுத்துப் பாத்தா?" என்றாள் பவளம்.

"யாராச்சும் காரை நிறுப்பாங்களா?"

அவன் விளையாட்டாகச் சொன்னதை அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பஸ் ஏறினாள். புளி வியாபாரி சென்னம்மாளிடம் வட்ட முகத்தில் முள் ஓடும் தொங்கு தராசு ஒன்று இருந்தது. நூறு கிலோ வரை காட்டும்.

"எதை நிறுக்கப் போறே?"

"காரைங்க."

சென்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொக்கியில எப்படித் தொங்க விடுவே?"

"தொங்க விடலைங்க. படுக்க வெச்சு இழுத்துப் பாக்கணும்."

"நல்லா இருக்குது கதை. அடுத்த சந்தைக்குள்ள கொண்டாந்துடு. முள்ளு கோணிப்போச்சுன்னா எனக்குப் பொழப்பே போச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிகள் வரிசையாக இருந்த சிப்காட் சாலை ஆளில்லாமல் கிடந்தது. டயர்களுக்குக் காற்றடித்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஸ்டியரிங்கில் பரமசிவம் உட்கார்ந்தான். காரின் முன்பக்கத்தில் தராசு, தராசின் கொக்கியில் கயிறு.

"முள்ளை நான்தான் பாப்பேன்," என்றான் கங்கப்பன். "இழுக்குறது நீங்க."

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. காலை ஊன்றிச் சாய்ந்தாள். என்னமோ விட்டுக்கொடுத்தது போல் இருந்தது. கார் பின்னால் வந்தது! தன் தோளுக்குப் பின்னால் கணவனோடு ஒரு கார் உருண்டு வருவதை அவளால் நம்ப முடியவில்லை. நின்றால் ஓட்டம் போய்விடுமென்று திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"எவ்வளவு?"

அவள் இன்னும் பத்தடி இழுத்தாள்.

"கங்கப்பா, எவ்வளவு?"

"ஹதினாறு," என்றான் கங்கப்பன். ஆச்சரியம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். "கெளம்புறப்ப முப்பது போச்சு. இப்போ பதினாறுலயே நிக்குது. தராசு சரியாத்தான் இருக்குதா?"

கங்கப்பனே பக்கத்து டீக்கடையிலிருந்து பத்து கிலோ சர்க்கரை மூட்டையை வாங்கிவந்து தொங்கவிட்டான். முள் பத்தில் நின்றது.

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. "ஏத்தத்துல பாக்கலாம்க்கா" என்று ரயில்வே கேட் பக்கம் தள்ளிப் போனார்கள். அந்த மேட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, முள் ஐம்பத்தெட்டைத் தொட்டது. பவளம் தரையில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டாள். காற்றின் தடையையும் சேர்த்து, சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டரைக் குதிரைத் திறன். மேட்டில் மெதுவாக ஏறினால் நாலு. மோட்டாரின் தகட்டில் ஆறு என்று போட்டிருந்தது.

"கியர்பாக்ஸை எடுத்துடாதீங்க," என்றான் கங்கப்பன். "ரெண்டாம் கியர்ல மேடு ஏறிக்கும்."

அடுத்த கவலை பேட்டரி. லாரி பேட்டரி நாலு வேண்டும், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோ. வாங்குவதற்கு முன் அந்தக் கனத்துக்குச் செங்கல்லை அடுக்கிப் பார்ப்போம் என்றாள். கல் ஒன்று மூன்று கிலோ என்று அறுபது செங்கல்லையும் டிக்கியில் ஏற்றினார்கள். காரின் பின்பக்கம் உட்கார்ந்து, டயர் மட்கார்டில் உரசியது.

"ஸ்டியரிங் காத்து மாதிரி சுத்துது," என்றான் பரமசிவம். "முன்சக்கரம் தரையைத் தொடுதா இல்லையான்னே தெரியலை."

பவளத்தின் முகம் சுருங்கியது. ஒரு நாள் முழுக்க நோட்டைத் திறக்கவே இல்லை. மறுநாள் அவளே சொன்னாள்: "இஞ்சினை எறக்கிட்டா முன்னால எடம் இருக்குமே. ரெண்டு முன்னால, ரெண்டு பின்னால."

அடுத்த ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே கங்கப்பன் இஞ்சின் தூக்கும் செயின் பிளாக்கோடு வந்து நின்றான். மத்தியானத்துக்குள் இஞ்சின் மண்ணில் இறங்கியது. காலியான இடத்தில் பலகை போட்டு, கியர்பாக்ஸை ஒட்டி மோட்டாரை வைத்து, அதன் முன்னால் முப்பது செங்கல் அடுக்கினார்கள். டிக்கியில் முப்பது. கார் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. கங்கப்பன் அட்டையை வெட்டி, மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரவேண்டிய இரும்புத் தகட்டுக்கு அச்சு எடுத்தான். துளைகள் எட்டும் சரியாக உட்கார்ந்தன.

"ஒரு தடவை சார்ஜ் பண்ணா எவ்வளவு தூரம் போவும்?" என்று பவளத்திடம் கேட்டான் கங்கப்பன்.

"கணக்குப்படி முப்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரி போக முடியாது. இவரு கம்பெனிக்குப் போயிட்டுத் திரும்பலாம்."

பரமசிவம் ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "ஏ பவளம், சத்தமே இல்லாம வர்ற காருக்கு ரோட்டுல ஆடு மாடு எப்படி ஒதுங்கும்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.