கடைசி ஆறு இலக்கங்கள்

ஆயுத பூஜையன்று காலையில் மானசா குளித்துவிட்டு வருவதற்குள் அவளுடைய கணினி தெய்வமாகிவிட்டது.

மேசைமேல் திரை மட்டும் இருண்டு நின்றது. பெட்டியைக் காணோம். கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க, உச்சியில் சாமந்திச் சரத்தோடு அது வீற்றிருந்தது. வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கும் அதே அலங்காரம்.

"அப்பா! அதைத் தொடாதீங்கோன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அப்டேட் ஓடிண்டிருந்துதே. அணைக்க வேண்டாம்னு திரையிலேயே எழுதியிருந்துதே!"

"நானும் படிச்சேன்" என்றார் பட்டாபிராமன், கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டே. "ஆயுத பூஜையன்னிக்கு ஆயுதம் ஓடப்படாது. ஸ்கூட்டரை ஓட்டிண்டே அதுக்குப் பொட்டு வெப்பியோ? பிளக்கைப் பிடுங்கினேன், தூக்கிண்டு வந்தேன். இதுக்குப் போய்க் குதிக்கறா பாரு."

செங்கற்பட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஏழை விவசாயியைச் செய்யூருக்குத் திருப்பி அனுப்பி, மறுநாள் பேருந்தேறி வரச் செய்தவர். எழுத்தின் வலிமையை ஊருக்கெல்லாம் உணர்த்திய அந்த மனிதருக்குத் தம் வீட்டுத் திரையில் எழுதியிருந்த ஒரு வரி ஒரு பொருட்டாகப்படவில்லை.

"இப்பவே போட்டுப் பாக்கறேன்" என்று மானசா குனிந்தாள்.

"நாளைக்குப் புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாது!"

"விடுடி, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் தாய் பர்வதம், சுண்டலைத் தாளித்தபடி.

மானசா நிமிர்ந்தாள். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவளுடைய திங்கட்கிழமை. மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவநேரியில் ஒரு பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறார்கள். அதற்குரிய வரைபடங்களைக் கேளம்பாக்கத்துப் பொறியாளர் துர்காதேவி அவளிடம் ஒப்படைத்திருந்தார். அவள் தன் பெயரில் தனியாகச் செய்யும் முதல் வேலை அது. திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட்டால் துர்காதேவியின் அலுவலகத்தில் நிரந்தரமாக ஓர் இடம் உண்டு. அது கிடைத்தால் கேளம்பாக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போகலாம். கணவன் தேஜஸை விட்டு வந்த நாள் முதலாக இந்த வீட்டில் அவளுக்குச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "அடிச்சானா? குடிச்சானா? பின்ன என்னடி உனக்குக் கஷ்டம்?"

அடிக்கவில்லை, குடிக்கவும் இல்லை. அவளுடைய சம்பளம் வந்த செய்தி அவன் கைப்பேசிக்குப் போயிற்று. அவள் எந்தக் கடையில் நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவளுடைய கடவுச்சொற்களெல்லாம் அவன் நினைவில் இருந்தன, அவள் மாற்றினால், "ஏன் மாத்தினே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். இதை எந்தத் தகப்பனிடம் குற்றமென்று சொல்லி நிறுவ முடியும்?

விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்தபின், "ஒரு நல்ல வார்த்தை அடிச்சுட்டு எழுந்திரு" என்று பட்டாபிராமனே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மானசா மின்னிணைப்புக் கொடுத்தாள். புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை அறிவித்தது, பிறகு அணைந்தது, பிறகு மறுபடியும் அதையே அறிவித்தது. செக்குமாடு சுற்றுவதுபோல் அது சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் அச்சுப்பொறியைக் கழற்றினாள். பென் டிரைவைப் பிடுங்கினாள். விசையை நெடுநேரம் அழுத்தி அணைத்து, மீண்டும் போட்டாள். பழுது நீக்கும் பகுதி ஒருவழியாகத் திறந்தது. கடைசியாக ஏறிய புதுப்பிப்பை நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். உடனே திரை நீலமாகி, மீட்புச் சாவியைக் கேட்டது. எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஆறு இலக்கங்கள். அந்தச் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. அதன் முதலெழுத்துகள் தேஜஸினுடையவை.

ராட்டினங்கிணற்றுக்குப் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் சுப்பிரமணி, பெட்டியின் சந்தனப் பொட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மேடம், பூஜ போட்டு எடுத்தாந்துகினீங்களா? பாதில புடுங்கினா பேஜாருதான். ரிப்பேருக்குப் போச்சுன்னா அது சந்தேகப்பட்டுக்கினு சாவி கேக்கும். மொதல்ல செட்டிங் பண்ணது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அப்ப இன்னா கவல? சாவி அவரான்டதான் கீது. வூட்டுக்குப் போயி கேட்டா ஆச்சு."

"அவர்ட்ட கேக்காம வழி இல்லையா?"

சுப்பிரமணி அவள் முகத்தைப் பார்த்தான்; அதற்குமேல் வேடிக்கை பேசவில்லை. "சாவி இல்லாம அந்தக் கடவுளே வந்தாலும் தொறக்காது மேடம். சுத்தமா தொடச்சிட்டு புதுசா ஏத்தலாம். ஆனா உள்ள இருந்தது ஒண்ணியும் மிஞ்சாது."

பென் டிரைவில் இருந்தவை வரைபடத்தின் முதல் இரண்டு தாள்கள்தாம். வரைந்தவற்றையெல்லாம் தானாகவே வெளியே சேமித்துவைக்கும் வசதி அந்தக் கணினியில் இருந்தது. ஆனால் அதுவும் தேஜஸின் கணக்குக்கே போய்ச் சேரும் என்பதால், பிறந்த வீட்டுக்கு வந்த அன்றே அவள் அதை நிறுத்திவிட்டாள். மனையில் எடுத்த அளவுகளைக் கணினியில் ஏற்றியதும் சீட்டுகளைக் கிழித்துப்போடுவது அவள் வழக்கம். வேவு பார்ப்பவனுக்குத் தப்புவதற்காக அவள் அடைத்த கதவு, இப்போது அவளையே வெளியே நிறுத்திவிட்டது.

"மாப்பிள்ளை பேர்ல ஏன் இருக்கு?" என்று பட்டாபிராமன் கேட்டார், வீட்டுக்குத் திரும்பியவளிடம். "நான் வாங்கிக் குடுத்த சீர்தானே அது?"

"நீங்கதாம்ப்பா வாங்கிக் குடுத்தேள். அவர் தன் பேர்ல பதிஞ்சுண்டார்."

பத்திரப்பதிவிலேயே முடி நரைத்தவருக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். அவருக்கு வேறொன்றுதான் விளங்கிற்று. மாப்பிள்ளையோடு பேச மாதக்கணக்கில் அடைபட்டிருந்த ஒரு வாசல் தாமே பிடுங்கிய பிளக்கினால் திறந்துகொண்டதைக் கண்டார். சரஸ்வதியின் அருள் என்றே அதைக் கொண்டார்.

"நீ கேக்க வேண்டாம். நான் கேக்கறேன்."

"வேண்டாம்ப்பா. சொல்றேன், வேண்டாம்."

அவர் மொட்டைமாடிக்குப் போனார். இறங்கி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது.

"போன் எடுத்ததும், 'சௌக்கியமா மாமா?'ன்னுதான் கேட்டார். தங்கமான பிள்ளை. நீதான் கொடுத்துவைக்கலை. எழுதிக்கோங்கோன்னு ஒவ்வொண்ணா நிதானமா சொன்னார். அடி, நான் வாசிக்கறேன்."

கசப்பை விழுங்கிக்கொண்டு மானசா விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்காக விழுங்கினாள். அவர் வாசிக்க வாசிக்கக் கட்டங்கள் நிரம்பின. ஏழாவது கட்டம் முடிந்ததும் அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஆறு இலக்கம் இருக்கேப்பா?"

"அதை நேர்ல சொல்றாராம்."

"நேர்லன்னா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமல்லபுரத்துல, கடற்கரைக்குப் போற வழியில ஒரு ஹோட்டல். அவர், அவர் அப்பா அம்மா, நாம மூணு பேர். ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நான் வாக்குக் குடுத்துட்டேன்." சற்று நிறுத்தி, மாப்பிள்ளையின் நகைச்சுவையை ரசித்தவராகச் சொன்னார்: "வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் தானாத் திறந்துக்கும் மாமான்னார்."

மானசா நெடுநேரம் அந்த எட்டாவது கட்டத்தையே பார்த்தாள். அது காலியாக இருந்தது. ஆனாலும் அதற்குள் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

துர்காதேவியைக் கைப்பேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னாள். கணவன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"மானசா, எனக்கு வருத்தம்தான்" என்றார் துர்காதேவி. "ஆனா திங்கக்கிழமை காலைல ஓனர் என் எதிர்ல உக்காந்துடுவாரு. படம் இல்லன்னா அவர் வேற ஆளப் பாத்துப்பாரு, நானும் வேற ஆளப் பாக்கணும். அந்தக் கீயை எப்படியாவது வாங்கிடும்மா."

எப்படியாவது! உலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவளை அந்த உணவுமேசைக்கே அனுப்பினார்கள்: தகப்பன் அன்பினால், துர்காதேவி அவசரத்தினால், சுப்பிரமணி அறியாமையினால். போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் பரிமாறச் சொல்வான், சிரிப்பான், எல்லாரும் சிரிப்பார்கள், பாயசம் வரும்போது அந்த ஆறு இலக்கங்களும் வரும். அதன் பிறகு அவள் எந்தக் கதவின் முன் நின்றாலும், கடைசி ஆறு இலக்கம் அவன் வாயில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுப்பிரமணியிடம் போனாள்.

"தொடச்சிடுங்கோ."

"நல்லா ரோசன பண்ணிக்கினீங்களா? அப்பால என்னை இன்னா ஏதுன்னு கேக்கக் கூடாது."

"பண்ணிட்டேன்."

புதிதாகப் பிறந்த கணினி, உரிமையாளர் பெயரைக் கேட்டது. அவள் தன் பெயரை எழுதினாள். வென்றுவிட்டதாகத் தோன்றவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் திருடுபோன வீட்டுக்குப் புதுப்பூட்டு வாங்கியவளைப் போல இருந்தது.

செய்தி கேட்டுப் பட்டாபிராமன் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமே! ஏழு கட்டம் கையில இருக்கே! ஒரு வேளை சேர்ந்து சாப்பிட மனசில்லாமயா இத்தனையையும் அழிச்சே? இனி அவா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"பிளக்கைப் பிடுங்கினது யாருப்பா?"

"என்னையே சொல்லு. பூஜை பண்ணினது தப்பு. ஊர் உலகத்துல எல்லாரும் பண்றா. என் பொண்ணுக்கு மட்டும் தப்பு."

பர்வதம் இருவருக்கும் நடுவில் மோர்க்குவளையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் அவளுடைய கருத்து எப்போதும் மோராகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மானசா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனாள். தேவநேரியில் காவலாளி கண்ணாயிரம் கதவைத் திறந்துவிட்டார்.

"போன மாசந்தான மேடம் அளந்துகினு போனீங்கோ? அதுக்குள்ள வூடு வளந்துட்ச்சா?"

"அளவு தொலைஞ்சு போச்சு. அந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ."

அவர் நாடாவின் முனையைப் பிடிக்க, ஒவ்வோர் அறையாக, சாளரத்தின் அகலமும் படியின் உயரமுமாக, முன்பு செய்ததையே திரும்பச் செய்தாள். கடற்காற்றில் உப்பு ஏறிய சுவர்கள் கையில் ஒட்டின. இம்முறை சீட்டுகளைக் கிழிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவிலிருந்து மாமல்லபுரத்தில் இறங்கிப் பேருந்துக்கு நடந்தபோது, ஒரு ஹோட்டல் வாசலில் அந்த ஸ்கூட்டரைக் கண்டாள். முகப்பில் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. வாடிய சாமந்திச் சரம் கண்ணாடியில் தொங்கியது. மகள் வராவிட்டாலும் தகப்பனார் வாக்குத் தவறவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இலை விரித்திருந்தார்கள். பட்டாபிராமன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே அமர்ந்திருந்த தேஜஸ் ஏதோ சொல்ல, அவர் நிமிர்ந்து சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்து அவள் வெகுகாலமாகப் பார்க்கவில்லை.

அவள் நிற்கவில்லை. பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டது.

மாலையில் அவர் வீடு திரும்பியபோது மானசா மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, அந்த மடித்த தாளை விசைப்பலகையின் மேல் வைத்தார். எட்டாவது வரிசையும் இப்போது நிரம்பியிருந்தது, எழுத்து தேஜஸினுடையது.

"பாத்தியா? நான் கேக்கவே இல்லை. 'மாமா, பாவம் மானசாகிட்ட குடுங்கோ'ன்னு தானாவே எழுதிக் குடுத்தார். இப்பவாவது அவர் மனசைப் புரிஞ்சுக்கோ."

மானசா தாளைத் தொடவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு நீங்க சொன்னதுக்கு முன்னாடி குடுத்தாரா, அப்புறமா குடுத்தாரா?"

பட்டாபிராமன் யோசித்தார். பொய்ச்சாட்சி சொல்லிப் பழகாத மனிதர்.

"அப்புறம்தான்" என்றார். பிறகு, அதில் ஏதோ இடறியவர்போல, "அதனால என்ன? பெருந்தன்மை பெருந்தன்மைதானே?" என்றார்.

"சாப்பாடு நன்னா இருந்துதா?"

"பரவாயில்லை. பாயசத்துல தித்திப்பு தூக்கல். பணம் குடுக்கப் போனேன், மாப்பிள்ளை விடலை."

அவள் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். மாடிப்படி பாதியில் நின்றது. மேல்தளம் முழுவதும் மிச்சமிருந்தது. காலைக்குள் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கண்ணாயிரம் நாடாவின் முனைபிடிக்க எழுதிய சீட்டை விரித்து, அடுத்த படியின் உயரத்தைப் பார்த்து, கோட்டை இழுத்தாள்.